அளவுகோலுக்குள் அடங்காத ஆட்டக்காரர்

2004 ஜூன் 5. கனடாவின் கல்கரி நகரத்து சாடில்டோம் அரங்கில் எந்தப் பக்கம் திரும்பினாலும் சிவப்புச் சட்டை. உள்ளூர் ஐஸ் ஹாக்கி அணியான கல்கரி ஃப்ளேம்ஸ், ஸ்டான்லி கோப்பை இறுதித் தொடரில் 3-2 என்று முன்னிலையில் இருக்கிறது. ஆறாவது ஆட்டத்தையும் ஜெயித்துவிட்டால், 15 ஆண்டுகளுக்குப் பிறகு கோப்பை மறுபடி ஊருக்கு வந்துவிடும். ஆட்ட நேரம் முடிந்தும் இரு தரப்புக்கும் தலா இரண்டு கோல். முதல் கூடுதல் நேரம் போயிற்று. இரண்டாவது கூடுதல் நேரம் தொடங்கி 33 விநாடிதான் ஆகியிருக்கும். டேம்பா பே லைட்னிங் அணியின் டிம் டெய்லர் அடித்ததை கோல்கீப்பர் மீக்கா கிப்ருசாஃப் தடுத்தார். ஓரமாகத் தெறித்து வந்த ரப்பர் வட்டை, கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் குறுகலான கோணத்தில் இருந்து ஒருவர் சட்டென்று வலைக்குள் தள்ளிவிட்டார்.

அடித்தவர் மார்ட்டின் செயின்ட் லூயி. உயரம் 5 அடி 8 அங்குலம். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு இதே கல்கரி அணி, ‘நீ வேண்டாம்’ என்று ஒப்பந்தத்தை முடித்துக் கணக்குத் தீர்த்து அனுப்பிய ஆள்.

இரண்டு நாள் கழித்து ஏழாவது ஆட்டம் டேம்பாவில் நடந்தது. ருஸ்லான் ஃபெடோடென்கோ அடித்த இரண்டு கோலில் லைட்னிங் 2-1 என்று வென்று முதல்முறையாகக் கோப்பையைத் தூக்கியது. அந்தப் பருவத்தில் வட அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்.எச்.எல்.லில் அதிகப் புள்ளி எடுத்தவர் செயின்ட் லூயி: 38 கோல், 56 அசிஸ்ட் (சக ஆட்டக்காரரின் கோலுக்கு உதவிய பாஸ்), ஆக 94. அதற்கான ஆர்ட் ராஸ் கோப்பை, மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹார்ட் கோப்பை, சக ஆட்டக்காரர்கள் வாக்களித்துத் தரும் பியர்சன் விருது, எல்லாம் அவருக்கே. ஆர்ட் ராஸ், ஹார்ட், ஸ்டான்லி கோப்பை மூன்றையும் ஒரே பருவத்தில் எடுத்தவர் 1987-ல் வெய்ன் கிரெட்ஸ்கிக்குப் பிறகு இவர்தான். எந்த அணியும் டிராஃப்ட்டில் தேர்ந்தெடுக்காத ஒருவர், ஒரு அணி காசு கொடுத்துக் கழற்றிவிட்ட ஒருவர், நாலே வருடத்தில் உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற பட்டத்தோடு நிற்கிறார். இது எப்படி நடந்தது என்பதைவிட, இத்தனை பேர் கண்ணுக்கும் அவர் எப்படித் தப்பினார் என்பதுதான் என்னை உறுத்துகிற கேள்வி.

உடம்பு பேசும் விளையாட்டு

நம் ஊர் ஹாக்கியை நினைத்துக்கொண்டு இந்த ஆட்டத்தைப் பார்த்தால் திகைப்பாக இருக்கும். சுமார் 61 மீட்டர் நீளம், 26 மீட்டர் அகலமுள்ள பனித்தளம். சுற்றிலும் பலகைச் சுவர். ஒரு பக்கத்துக்கு கோல்கீப்பரோடு சேர்த்து ஆறு பேர். காலில் கத்தி போன்ற ஸ்கேட், கையில் வளைந்த ஸ்டிக். பந்துக்குப் பதில் ‘பக்’ என்னும் கெட்டியான ரப்பர் வட்டு, எடை சுமார் 170 கிராம். இருபது இருபது நிமிடமாக மூன்று பகுதி. பக்கை வைத்திருப்பவர் மீது தோளாலும் இடுப்பாலும் மோதிச் சுவரோடு வைத்து நசுக்குவது இங்கே விதிமீறல் இல்லை. அதற்கு பாடி செக் என்று பெயர். அதை நன்றாகச் செய்கிறவருக்குக் கைதட்டலும் உண்டு.

என்.எச்.எல். ஆட்டக்காரரின் சராசரி உயரம் ஆறடி ஒரு அங்குலத்தை ஒட்டி இருக்கும். எடை 90 கிலோ. அப்படிப்பட்ட ஒருவர் ஸ்கேட் வேகத்தில் வந்து மோதினால் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் பதினெட்டு வயதுப் பையன்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டில், பெயருக்கு அடுத்து உயரமும் எடையும்தான் கண்ணில் படும். பெரிய உடம்புக்காரனுக்கு ஆட்டம் வராது என்பதை யாராவது நிரூபிக்க வேண்டும், சின்ன உடம்புக்காரன் தனக்கு ஆட்டம் வரும் என்பதைத் தினமும் நிரூபிக்க வேண்டும் என்று அந்த வட்டாரத்தில் வெகுகாலமாகச் சொல்வதுண்டு.

மார்ட்டின் பிறந்தது 1975 ஜூன் 18-ல், கியூபெக் மாகாணத்தில் மான்ட்ரியலை ஒட்டிய லவால் நகரத்தில். பிரெஞ்சு பேசும் குடும்பம். சிறுவயதிலிருந்தே கூட ஆடிய தோழன் எரிக் பெரான். அவரும் உயரம் குறைவு, அவருக்கும் அபாரமான கை. 1993-ல் இருவரும் சேர்ந்தே எல்லை தாண்டி அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்துக்குப் போனார்கள். அங்கே கோல் காத்தவர் டிம் தாமஸ். மூவரும் சேர்ந்து, அதுவரை யாரும் பெரிதாகப் பேசாத அந்த அணியை 1996-ல் அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியின் கடைசி நால்வர் சுற்றுக்குக் கொண்டுபோனார்கள். அரையிறுதியில் இரண்டாவது கூடுதல் நேரத்தில்தான் தோற்றார்கள். நான்கு ஆண்டுகளில் மார்ட்டின் எடுத்த புள்ளிகள் 267. சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹோபி பேக்கர் விருதின் இறுதிப் பட்டியலில் மூன்று முறை அவர் பெயர் இருந்தது.

என்.எச்.எல். டிராஃப்ட்டில் ஒருமுறைகூட இல்லை. 1993-ல் மட்டும் 286 பையன்களை லீக் தேர்ந்தெடுத்தது. அந்த 286-ல் பெரும்பாலானவர்களின் பெயர் இன்று அவரவர் ஊரைத் தாண்டி யாருக்கும் நினைவில்லை.

பட்டம் வாங்கியதும் ஒட்டாவா அணியின் பயிற்சி முகாமுக்குப் போய்ப் பார்த்தார். ஒப்பந்தம் கிடைக்கவில்லை. இரண்டாம் தட்டு லீக்கில் கிளீவ்லண்ட் லம்பர்ஜாக்ஸ் அணிக்குப் போனார். அங்கே 56 ஆட்டத்தில் 50 புள்ளி. அதைப் பார்த்துத்தான் 1998 பிப்ரவரியில் கல்கரி அவரை எடுத்தது.

எட்டு நிமிட நியாயம்

இந்தக் கதையின் முடிச்சு கல்கரியில் இருக்கிறது. அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

கல்கரிக்குச் சின்ன ஆட்டக்காரர் புதிதில்லை. தியோ ஃப்ளூரி அந்த ஊரின் செல்லப்பிள்ளை. உயரம் 5 அடி 6 அங்குலம். 1987 டிராஃப்ட்டில் 166-வது ஆளாக எடுக்கப்பட்டவர். 1989-ல் ஸ்டான்லி கோப்பை வென்ற அணியில் இருந்தார். 1990-91 பருவத்தில் 51 கோல் அடித்தார். ஓய்வு பெறும்போது அவர் கணக்கில் 1,088 புள்ளி. பத்து வருடத்துக்கும் மேலாக ஒரு குள்ளமான மனிதர் ஆறடிக்காரர்களுக்கு நடுவே புகுந்து விளையாடியதைக் கண்ணெதிரே பார்த்த நிர்வாகம் அது. அப்படியிருந்தும் அடுத்தவரை அடையாளம் காண முடியவில்லை. ஃப்ளூரியை ஒரு விதிவிலக்காக எடுத்துக்கொண்டார்களே தவிர, பாடமாக எடுத்துக்கொள்ளவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மார்ட்டினைப் பெரும்பாலும் கல்கரியின் துணை அணி இருந்த செயின்ட் ஜான் நகரத்தில்தான் வைத்திருந்தார்கள். 1998-99 பருவத்தில் அங்கே 53 ஆட்டத்தில் 62 புள்ளி. மேலே கூப்பிட்டபோதோ 13 ஆட்டத்தில் ஒரே ஒரு கோல். அடுத்த பருவத்தில் 56 ஆட்டம், மூன்று கோல். மொத்தக் கணக்கு: 69 ஆட்டம், நாலு கோல், 16 அசிஸ்ட். இந்த எண்களை மட்டும் பார்த்தால் கழற்றிவிட்டதில் தப்பே இல்லை என்று தோன்றும்.

ஆனால் இந்த எண்கள் எப்படிப் பிறந்தன என்று பார்க்க வேண்டும். ஐஸ் ஹாக்கி அணியில் முன்வரிசை ஆட்டக்காரர்கள் மூன்று மூன்று பேராக நான்கு ‘லைன்’. ஒரு லைன் முக்கால் நிமிடம் மூச்சைப் பிடித்து ஆடிவிட்டு வெளியே வரும், அடுத்தது உள்ளே குதிக்கும். முதல் இரண்டு லைன் கோல் போடுவதற்கு. மூன்றாவது, எதிரணியின் நட்சத்திரங்களைக் கட்டிப்போடுவதற்கு. நான்காவது, போய் மோதி எதிராளியைக் களைக்க வைப்பதற்கு. எதிரணி ஆள் தவறு செய்து பெனால்டி பாக்ஸில் உட்கார்ந்திருக்கும் இரண்டு நிமிடம் ‘பவர் பிளே’. ஓர் ஆள் கூடுதலாக வைத்து ஆடலாம் என்பதால் கைத்திறன் உள்ளவர்களுக்கு அதுதான் அறுவடைக் காலம். புதிதாக வருகிறவர் எங்கே போவார்? நான்காவது லைனுக்கு. எட்டு, பத்து நிமிடம் கிடைக்கும். பவர் பிளே கிடையாது. பக்கத்தில் இருப்பவர்களும் மோதத் தெரிந்தவர்களே தவிர, பாஸ் வாங்கி கோலாக்கத் தெரிந்தவர்கள் இல்லை.

ஆறடி மூன்று அங்குல உயரமுள்ள புதியவருக்கு இந்த எட்டு நிமிடம் போதும். நாலு பேரைச் சுவரில் மோதிவிட்டு வந்தால் பயிற்சியாளர் தட்டிக்கொடுப்பார். சின்னவருக்கோ, எதில் குறைவோ அதை வைத்தே பரீட்சை. அவர் பலம் தெரிய பக் வேண்டும், இடம் வேண்டும், கூட ஆடத் தெரிந்த ஒருவர் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக நேரம் வேண்டும். எதையும் கொடுக்காமல் வைத்திருந்துவிட்டு, பருவம் முடிந்ததும் காகிதத்தைப் பார்த்து ‘மூன்றே கோல்’ என்கிறார்கள். சின்ன ஆட்டக்காரருக்கு உயரம் ஒரு தடை என்றால் அதைத் தாண்டலாம். அந்த உயரத்தைப் பார்த்து ஒதுக்கித் தரும் நிமிடங்கள்தான் தாண்ட முடியாத தடை.

2000 ஜூனில் கொலம்பஸ், மின்னசோட்டா என்று இரண்டு புதிய அணிகள் லீக்கில் சேர்ந்தன. பழைய அணிகள் பாதுகாக்காமல் விட்ட ஆட்களில் இருந்து ஆளுக்கு 26 பேரை அவை எடுத்துக்கொள்ளலாம். கல்கரி மார்ட்டினைப் பாதுகாக்கவில்லை. இரண்டு அணிகளும் சேர்ந்து எடுத்த 52 பேரில் அவர் இல்லை. அதன் பிறகு கல்கரி ஒப்பந்தத்தின் மிச்சத்துக்குப் பணம் கட்டி அவரை விடுவித்தது. வயது 25.

கீழே இருப்பதன் பலம்

2000 ஜூலை 31-ல் டேம்பா பே அவரைச் சேர்த்துக்கொண்டது. அப்போது லீக்கின் அடிமட்டத்தில் கிடந்த அணி அது. இளம் நட்சத்திரங்கள் வின்சென்ட் லெகவலியே, பிராட் ரிச்சர்ட்ஸ் இருந்தார்கள். மற்றபடி இடம் காலியாக இருந்தது. காலியான இடம்தான் இவருக்குத் தேவைப்பட்டது. 2001 ஜனவரியில் ஜான் டோர்டரெல்லா தலைமைப் பயிற்சியாளர் ஆனார். கண்டிப்பானவர், முன்கோபி, ஆனால் வேகமாக ஏறி அடிக்கும் ஆட்டத்தை விரும்பியவர். மார்ட்டினின் புள்ளிகளைப் பருவவாரியாகப் பாருங்கள்: 40, கால் எலும்பு முறிந்து இடையில் தடைபட்ட அடுத்த பருவத்தில் 35, பிறகு 70, பிறகு 94. 2003 பிளே ஆஃப் சுற்றில் வாஷிங்டனுக்கு எதிரான ஆறாவது ஆட்டம் மூன்றாவது கூடுதல் நேரம் வரை இழுத்தது. அதை முடித்து வைத்த கோல் இவருடையது. டேம்பா தன் வரலாற்றில் ஜெயித்த முதல் பிளே ஆஃப் தொடர் அது.

அவர் ஆட்டத்தைக் கிட்ட இருந்து பார்த்தால்தான் புரியும். இடது கைப் பக்கமாக ஸ்டிக் பிடிப்பவர், ஆடுவதோ வலது விங்கில். அதனால் பக்கை வாங்கும்போது அவர் மார்பும் ஸ்டிக்கும் தளத்தின் நடுப்பகுதியைப் பார்த்துத் திறந்திருக்கும். வருகிற பாஸை நிறுத்தாமல் அப்படியே அடிக்கலாம். தொடைகள் இரண்டும் மரம் மாதிரி. முட்டியை மடித்து, இடுப்பைத் தாழ்த்தி அவர் சறுக்கும்போது எதிராளியின் மார்புக்குக் கீழேதான் அவர் தோள் இருக்கும். மேலிருந்து மோத வருகிறவருக்குப் பிடி கிடைக்காது. சுவரோரத்தில் பக்கை எடுக்கப் போகும்போது முதுகில் ஒரு கண் வைத்திருப்பார். ஆறடிக்காரர் வந்து இடிக்கும் அந்த நொடியில் எதிர்த்து நிற்காமல், உள்பக்க ஸ்கேட் விளிம்பில் ஊன்றித் திரும்பி, இடித்தவரின் வேகத்தையே தன் வேகமாக வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுவார். நல்ல கபடி ரெய்டர், தன்னை மடக்க வரும் கைகளுக்கு அடியில் குனிந்து நடுக்கோட்டைத் தொடுவது மாதிரி.

பவர் பிளேயில் இன்னொரு வித்தை. எல்லோருடைய கண்ணும் பக் இருக்கும் பக்கம் இருக்கும்போது, மறுபக்கத்துக் கம்பத்தின் ஓரமாக ஆள் இல்லாத இடத்துக்கு நழுவி வந்து நிற்பார். பெரிய உடம்பாக இருந்தால் எதிராளியின் கண்ணில் பட்டிருக்கும். அங்கே பாஸ் வந்தால் கோல்கீப்பருக்கு நகர நேரம் இருக்காது.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 2004-05 பருவம் ஊதியத் தகராறில் முழுதாக ரத்தானது. மார்ட்டின் அந்தக் காலத்தில் சுவிட்சர்லாந்தின் லோசான் அணிக்கு ஆடினார். 2005-ல் லீக் திரும்பியபோது விதிகளும் மாறின. ஸ்டிக்கால் கொக்கி போட்டு இழுப்பது, கையால் பிடித்து நிறுத்துவது எல்லாம் கறாராகத் தண்டிக்கப்பட்டன; நீண்ட பாஸ்களுக்கு இருந்த தடை நீங்கியது. சின்ன, வேகமான ஆட்டக்காரர்களுக்குப் பாதை திறந்தது அதன் பிறகுதான் என்பார்கள். உண்மைதான். ஆனால் செயின்ட் லூயியின் 94 புள்ளி அதற்கு முந்தைய பருவத்தில் வந்தது. இழுப்பும் பிடிப்பும் கோல் வறட்சியும் உச்சத்தில் இருந்த காலத்தில், இழுபட்டுக்கொண்டே எடுத்த புள்ளிகள் அவை. விதி மாறியதால் ஜெயித்தார் என்று யாரும் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது.

சின்ன உடம்பு சீக்கிரம் உடைந்துவிடும் என்பது இன்னொரு பழைய வாதம். மார்ட்டின் தொடர்ச்சியாக 499 ஆட்டங்கள் விடாமல் ஆடினார். அந்தத் தொடரை முறித்தது எந்த ராட்சச உடம்பும் இல்லை. 2011 டிசம்பரில் பயிற்சியின்போது முகத்தில் வந்து பட்ட ஒரு பக். நேர்மையாகவும் கண்ணியமாகவும் ஆடுபவருக்கான லேடி பிங் கோப்பையை மூன்று முறை வாங்கினார். 2010-11 பருவத்தில் 82 ஆட்டங்களில் 99 புள்ளி எடுத்தவர், பெனால்டி பாக்ஸில் உட்கார்ந்தது மொத்தமே 12 நிமிடம். இத்தனை அடிக்கும் நடுவில் ஒரு மனிதர் இவ்வளவு நிதானமாக இருந்தார் என்பது, எனக்கு அந்த 99-ஐவிடப் பெரிய எண்.

2008 டிராஃப்ட்டின் முதல் ஆளாக வந்த ஸ்டீவன் ஸ்டாம்கோஸ் 2011-12-ல் 60 கோல் அடித்தார் என்றால், அதில் இவர் கொடுத்த பாஸ்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 2013-ல், 48 ஆட்டங்களாகச் சுருங்கிய பருவத்தில், 60 புள்ளியோடு மறுபடி ஆர்ட் ராஸ். வயது 37. அந்தக் கோப்பையை அவ்வளவு வயதில் அதற்கு முன்பு யாரும் வாங்கியதில்லை.

கசப்பும் துக்கமும்

2014 ஜனவரியில் சோச்சி ஒலிம்பிக்குக்கான கனடா அணி அறிவிக்கப்பட்டது. தேர்வுக் குழுவின் தலைவர் ஸ்டீவ் ஐசர்மன். டேம்பா பேயின் பொது மேலாளரும் அவரே. முந்தைய பருவத்தில் லீக்கிலேயே அதிகப் புள்ளி எடுத்த, தன் சொந்த அணியின் கேப்டனாக இருந்த மார்ட்டினை அவர் சேர்க்கவில்லை. 2010 வான்கூவர் ஒலிம்பிக்கிலும் அவரை விட்டுவிட்டுத்தான் போயிருந்தார்கள். பிறகு ஸ்டாம்கோஸுக்குக் கால் முறிவு ஆறாததால் மாற்று ஆளாகக் கூப்பிட்டார்கள். போனார், தங்கப் பதக்கத்தோடு திரும்பினார். ஆனால் மனம் ஒட்டவில்லை. மாற்றம் கேட்டார். மார்ச் 5-ல் நியூயார்க் ரேஞ்சர்ஸுக்குப் போனார். பதிலுக்கு ரயன் கலஹனும் டிராஃப்ட் உரிமைகளும் டேம்பாவுக்கு வந்தன.

டேம்பா ரசிகர்கள் பலருக்கு இது வருத்தம். கேப்டன் பாதியில் விட்டுப் போகலாமா என்று கேட்டார்கள். என்னால் அவரைக் குறை சொல்ல முடியவில்லை. பதினெட்டு வயதில் இருந்து ‘நீ போதாது’ என்ற ஒரே பதிலைக் கேட்டுக் கேட்டு, அதைப் பொய்யாக்கிக் காட்டிய மனிதர். அதே பதிலைக் கடைசியில் தன் வீட்டுக்குள்ளிருந்தே கேட்டால் வலிக்காமல் என்ன செய்யும்?

அந்த மே மாதம் அதைவிடப் பெரிய அடி விழுந்தது. மே 8-ல் அவர் தாய் ஃபிரான்ஸ் மாரடைப்பில் இறந்துபோனார். ரேஞ்சர்ஸ் அப்போது பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸிடம் 1-3 என்று பின்தங்கி, வெளியேறும் விளிம்பில் இருந்தது. வீட்டுக்குப் போனவர் மறுநாளே அணியோடு வந்து சேர்ந்து ஐந்தாவது ஆட்டத்தில் இறங்கினார். ரேஞ்சர்ஸ் 5-1 என்று வென்றது. ஆறாவது ஆட்டம் மே 11, அன்னையர் தினம். நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் அவர் தந்தையும் சகோதரியும் உட்கார்ந்திருந்தார்கள். ஆட்டம் தொடங்கி நான்கு நிமிடம்கூட ஆகவில்லை, முதல் கோலை மார்ட்டின் அடித்தார். ரேஞ்சர்ஸ் அந்தத் தொடரை ஏழு ஆட்டத்தில் ஜெயித்தது. அடுத்த தொடர் மான்ட்ரியலோடு. லவாலில் நடந்த இறுதிச் சடங்குக்கு மொத்த அணியும் போய் நின்றது. அதே தொடரின் நான்காவது ஆட்டத்தைக் கூடுதல் நேரத்தில் முடித்ததும் அவர் அடித்த கோல்தான். இறுதிச் சுற்றில் லாஸ் ஏஞ்சல்ஸிடம் தோற்றார்கள். கோப்பை வரவில்லை. ஆனால் அந்த வாரங்களில் ஒரு அணி ஒரு மனிதரின் துக்கத்தைச் சுற்றி ஒன்றுகூடியதை நியூயார்க்காரர்கள் இன்றும் பேசுகிறார்கள்.

அவருடைய கடைசி ஆட்டம் 2015 மே 29. எதிரணி யார் தெரியுமா? டேம்பா பே. ஏழாவது ஆட்டத்தில் ரேஞ்சர்ஸ் 0-2 என்று தோற்று வெளியேறியது. அந்தத் தொடரின் இரண்டாவது ஆட்டத்தில், மேடிசன் ஸ்கொயர் கார்டனிலேயே, டேம்பாவின் டைலர் ஜான்சன் ஹாட்ரிக் அடித்திருந்தார். ஜான்சன் உயரம் 5 அடி 8 அங்குலம். டிராஃப்ட்டில் யாரும் எடுக்காதவர். அந்தப் பிளே ஆஃபில் மட்டும் அவர் அடித்தது 13 கோல். மார்ட்டினை வழியனுப்பிவைத்த அணியில், மார்ட்டின் போட்ட பாதையில் வந்த ஒருவர் முன்னால் நின்றார்.

1,134 ஆட்டம், 391 கோல், 642 அசிஸ்ட், 1,033 புள்ளி. 2015 ஜூலையில் ஓய்வு. 2017 ஜனவரியில் அவருடைய 26-ம் எண் சட்டையை டேம்பா அரங்கத்தின் கூரையில் ஏற்றினார்கள். அந்த அணி அப்படி மரியாதை செய்த முதல் எண் அதுதான். கசப்பு தீர்ந்திருந்தது. 2018-ல் தகுதி வந்த முதல் ஆண்டிலேயே ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேமில் இடம். என்.எச்.எல்.லின் முதல் கறுப்பின ஆட்டக்காரரான வில்லி ஓ’ரீயும் அதே ஆண்டில்தான் சேர்க்கப்பட்டார்.

கூட வந்த இருவரையும் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை அரைகுறை. எரிக் பெரானும் 2004-ல் டேம்பாவுக்கு வந்து சேர்ந்தார். பிளே ஆஃபில் ஆடி, பால்ய சிநேகிதனோடு சேர்ந்து கோப்பையைத் தூக்கினார். ஆனால் அவர் தொழில் வாழ்க்கையின் பெரும்பகுதி ஃபின்லாந்தில் கழிந்தது. பதினெட்டு வயதில் இருவரில் யார் பெரியவர் என்று பிரித்துச் சொல்வது கஷ்டமாக இருந்திருக்கும். காலியான ஓர் இடம் ஒருவருக்கு 25 வயதில் கிடைத்தது, இன்னொருவருக்கு அது 28 வயதில்தான் எட்டிப் பார்த்தது. டிம் தாமஸும் பல ஆண்டு ஐரோப்பாவில் அலைந்து திரும்பினார். 2011-ல் பாஸ்டன் அணிக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். வழியில் ஏழாவது ஆட்டத்தில் 1-0 என்று அவர் வெளியே தள்ளியது, மார்ட்டினின் டேம்பாவைத்தான்.

பெஞ்சின் மறுபக்கம்

2022 பிப்ரவரி. லீக்கின் கடைசி இடத்தில் கிடந்த மான்ட்ரியல் கனடியன்ஸ், பயிற்சியாளரை நீக்கிவிட்டு மார்ட்டினை அழைத்தது. பெரியவர்களின் அணிக்கு அதுவரை அவர் தலைமைப் பயிற்சியாளராக இருந்ததே இல்லை. தன் பிள்ளைகள் ஆடிய சிறுவர் அணிகளோடு சரி. விமர்சித்தவர்கள் இருந்தார்கள், அதில் நியாயமும் இருந்தது.

அவர் வரும்போது கோல் காஃபீல்ட் என்ற 21 வயதுப் பையன் தவித்துக்கொண்டிருந்தான். இவனும் 5 அடி 8 அங்குலம்தான். முந்தைய ஆண்டு அணி இறுதிச் சுற்று வரை போனதில் கொண்டாடப்பட்டவன், அந்தப் பருவத்தில் 30 ஆட்டங்களில் ஒரே ஒரு கோல் அடித்திருந்தான். நடுவில் துணை அணிக்கும் இறக்கிவிடப்பட்டான். மார்ட்டின் வந்த பிறகு மிச்சமிருந்த 37 ஆட்டங்களில் அவன் அடித்தது 22 கோல். பையன் அதே பையன், உயரமும் அதேதான். மாறியது என்ன? கூட ஆடியவர்கள், பவர் பிளே நிமிடங்கள், தவறு செய்தால் அடுத்த முறை பெஞ்சில் உட்கார வைக்கப்பட மாட்டோம் என்ற நம்பிக்கை. கல்கரியில் தனக்குக் கிடைக்காதவற்றை அவர் ஒவ்வொன்றாக எடுத்து அந்தப் பையனிடம் கொடுத்தார் என்றுதான் நான் படிக்கிறேன்.

காஃபீல்ட் 2024-ல் தன் சட்டை எண்ணை 22-ல் இருந்து 13-க்கு மாற்றிக்கொண்டார். ஜானி கோட்ரோவின் எண் அது. கோட்ரோவை 2011 டிராஃப்ட்டில் 104-வது ஆளாக எடுத்தது கல்கரி. ஒல்லியான, 5 அடி 9 அங்குலப் பையன். இந்த முறை கல்கரி அவரைக் கைவிடவில்லை. முதல் லைனில் வைத்து ஆட வைத்தது. 2021-22 பருவத்தில் 115 புள்ளி எடுத்தார். பிறகு கொலம்பஸுக்குப் போனவர், 2024 ஆகஸ்ட் 29-ல், தங்கையின் திருமணத்துக்கு முந்தின நாள், நியூ ஜெர்சியில் தம்பி மேத்யூவோடு சைக்கிளில் போகும்போது கார் மோதி இருவருமே இறந்துபோனார்கள். கோட்ரோவுக்கு வயது 31. சின்ன உருவத்தோடு இந்த ஆட்டத்துக்கு வரும் பையன்கள் பலருக்கு அவர்தான் முன்மாதிரி. காஃபீல்டுக்கும் அப்படித்தான்.

மான்ட்ரியலில் இப்போது லேன் ஹட்சன் என்று ஒருவர் இருக்கிறார். டிஃபென்ஸ் ஆட்டக்காரர். முன்வரிசையிலாவது சின்னவர்களைப் பார்த்துப் பழகிவிட்டார்கள். ஆறடி நாலு அங்குல ஆட்களை மறித்து நிறுத்த வேண்டிய பின்வரிசையில் 5 அடி 9 அங்குலம் என்பது இன்னும் பலருக்கு ஜீரணமாகாத விஷயம். 2022 டிராஃப்ட்டில் அவர் போனது 62-வது இடத்தில். மான்ட்ரியலே அவருக்கு முன்னால் மூன்று பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டுத்தான் அவரிடம் வந்தது. டிராஃப்ட் மேசையில் ஆளை எடுப்பது பயிற்சியாளரின் வேலை இல்லை. ஆட்டத்தில் யாருக்கு எத்தனை நிமிடம் என்பது அவர் கையில். 2024-25-ல், ஹட்சனின் முதல் முழுப் பருவத்தில், 82 ஆட்டத்திலும் மார்ட்டின் அவரை இறக்கினார், சராசரியாக 22 நிமிடத்துக்கு மேல் கொடுத்தார், பவர் பிளேயையும் ஒப்படைத்தார். ஹட்சன் 60 அசிஸ்ட் எடுத்து, டிஃபென்ஸ் ஆடும் புதுமுகங்களுக்கான 44 ஆண்டு பழைய சாதனையைச் சமன் செய்தார். அந்த ஆண்டின் சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் கோப்பை அவருக்குத்தான் போனது.